வந்திருப்பவர்களே போதும்

‘அப்போது வந்திருப்பவர்களே போதுமானவர்களாகக் கருதப்படுவார்கள்’ என்று எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத் தலைவர் ராஜமாணிக்கம் சார் விதிப் புத்தகத்தை வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். “நாலரைக்குக் கூட்டம்னு போட்டோம். எட்டுப் பேராவது வேணும், நாலு பேர்தான் இருக்கோம். கோரம் சேரலை. அரை மணி தள்ளி வெக்கிறேன். அஞ்சு மணிக்கு யார் இருக்காங்களோ அவங்களை வெச்சு நடத்திடலாம்” என்றார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கோரம் சேரலை என்ற இடத்திலேயே என் காது நின்றுவிட்டது. ஜெயித்துவிட்டோம், கூட்டம் இல்லை, தீர்மானம் இல்லை, மொட்டைமாடிக் கதவு திறந்தே இருக்கும் என்று மனசு ஒரு சுற்றுச் சுற்றி வந்து உட்கார்ந்த பிறகுதான் மீதி வாக்கியம் வந்து சேர்ந்தது. வாய் இன்னும் சிரித்தபடியே இருந்தது. எட்டுப் பேர் வேண்டும் என்று ஒரு வரி, எட்டுப் பேர் வேண்டாம் என்று அதற்கு அடுத்த வரியா? எந்த ஊர் நியாயம் இது? அரை மணி நேரத்தில் நாலு பேர் எப்படி எட்டுப் பேருக்குச் சமமாவார்கள், தண்ணீரில் ஊறி உப்புவார்களா? சண்டை போடலாம் என்று வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். ஏனென்றால் அந்தப் புத்தகத்தை டைப் அடித்ததே நான். சங்கம் பதிவு செய்த வருஷம் இதே ராஜமாணிக்கம் சார், அப்போது தலைமுடி இருந்தது, “திலகவதிம்மா இருக்கும்போது வெளியில எதுக்குக் குடுக்கணும்” என்று கையெழுத்துப் பிரதியை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். அரசாங்க ஆபீசில் தலை நரைக்கும் வரை டைப்பிஸ்டாக இருந்தவளுக்கு அது ஒரு வேலையா, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடித்துத் தள்ளினேன். டைப்பிஸ்ட் கண் எழுத்தைப் பார்க்கும், சொல்லைப் பார்க்கும், சொல்வது என்ன என்று பார்க்காது. பார்த்தால் வேகம் போய்விடும். யார் யாருக்கோ மாறுதல் உத்தரவு அடித்திருக்கிறேன், சஸ்பெண்ட் உத்தரவு அடித்திருக்கிறேன், ஒரு நாளும் மனசு கலங்கியதில்லை. ஒற்று விட்டுப்போனால்தான் கலங்கும். அந்த வரியிலும் ஒற்றெல்லாம் சரியாகத்தான் போட்டிருப்பேன். இப்போது கை சில்லிட்டுப் போய் பிளாஸ்டிக் நாற்காலியின் பிடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுக்கவும் தோன்றவில்லை.

வேன். அடக் கடவுளே, அந்த வேன். வேன் வைத்தது நான்தானே. ஆடி மாசம், ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கோயிலுக்குப் போகத் துடிக்கிற நாள், பட்டீஸ்வரம் துர்க்கை, புன்னைநல்லூர் மாரியம்மன் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம் என்று வீடு வீடாக ஏறி இறங்கியது இந்தக் கால்கள். எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் காலையில் எழுந்து நானே கட்டிக் கொடுத்தேன். வேன் புறப்படும்போது கையாட்டினேன், மகராசியாகப் போய்வாருங்கள் என்று. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, எலுமிச்சம்பழச் சாதத்தோடு வைத்துக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று யாராவது கேட்டால் சொல்வேன், இந்த இருபத்துநாலு வீட்டு ஜனங்களை எனக்குத் தெரியும். வீட்டுக்குள் வைத்துக் கேட்டால், “ஆமாம் திலகாக்கா, மாடியை எதுக்குப் பூட்டணும், அநியாயம்” என்பார்கள். அதே ஆட்களைக் கூட்டத்தில் உட்கார்த்திவைத்து, ராஜமாணிக்கம் சார் முகத்துக்கு நேரே, எதிர்ப்பவர்கள் கை தூக்குங்கள் என்றால் ஒரு கையும் எழும்பாது. சேலைத் தலைப்பைச் சரிசெய்வார்கள். செல்லைப் பார்ப்பார்கள். அவர் அவர்களுக்குக் கரண்டு கனெக்‌ஷன் வாங்கித் தந்தவர், பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்தவர், சாவுக்கு முதல் ஆளாய் வந்து நிற்கிறவர். அவர் முகத்தை முறித்துக்கொண்டு ஒரு கை தூக்குவதற்கு நம் ஊரில் ஆள் கிடையாது. ஆனால் வராமல் இருக்கச் சொன்னால் இருப்பார்கள். அதில் யாருக்கும் கெட்ட பெயர் இல்லை, சாமி கும்பிடத்தானே போனோம். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு என் மேலேயே ஒரு பெருமை வந்தது, ராத்திரி தனியாகச் சிரித்தேன். என் பெண் சுடர்கூட, “என்னம்மா” என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்றுமில்லை. செல்லை எடுத்துப் பாக்கியலட்சுமியைக் கூப்பிட்டேன், வேனுக்குப் பொறுப்பு அவள்தான், இரண்டாவது மாடி, எனக்கு இந்தக் கட்டடத்தில் முதல் சிநேகிதி. மணி அடித்து அடித்து எடுத்தாள். பின்னால் மேளச் சத்தம். “அக்கா, பட்டீஸ்வரத்துல லைன்ல நிக்கிறோம், செம கூட்டம், ராகு காலத்துக்குள்ள விளக்குப் போடணும்” என்றாள். திரும்பி வர முடியுமா என்று கேட்க வாய் வந்தது. எத்தனை அசட்டுத்தனம். திருச்சி எங்கே பட்டீஸ்வரம் எங்கே, பறந்து வந்தால்தான் உண்டு. “கூட்டம் நடக்கப்போகுது பாக்கியம். வந்தவங்களை வெச்சே நடத்தலாமாம். விதி இருக்காம்” என்றேன். அந்தப் பக்கம் மேளம் மட்டும் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொல்லப் போனேன். “ஆங், சரிக்கா, அம்மா மேல பாரத்தைப் போடுங்க, நான் சாமி பார்த்துட்டுக் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டாள். ஒரு ஐயோ இல்லை, ஒரு அப்படியா இல்லை. அந்த ‘சரிக்கா’ என் காதில் கல்லாகத் தங்கிவிட்டது. கார் நிறுத்துகிற இடத்தில்தான் கூட்டம், எல்லாக் காரும் ஓரமாக நிற்கிறது, நடுவில் காலி நாற்காலிகள். ஆடிக் காற்று தூண்களுக்கு நடுவே புகுந்து நாற்காலிகளைத் தள்ளுகிறது. பொருளாளர் லூர்துசாமி ஒவ்வொன்றாகப் பிடித்து மறுபடி வரிசையில் வைக்கிறார், யாரோ வரப்போகிறார்கள் மாதிரி. பாவம், ஒழுங்கான மனிதர். இருபத்துநாலு பேருக்கு மிக்சரும் டீயும் வாங்கி வைத்திருக்கிறார். “சிஸ்டர், ஒரு டீ சாப்பிடறீங்களா, ஆறிடும்” என்று நீட்டினார், வாங்கிக்கொண்டேன். நான் வேன் வைத்தபோது அவரை மறந்துபோனேன். மாரியம்மன் கோயில் வேனில் லூர்துசாமி எப்படி வருவார், கமருன்னிசா எப்படி வருவாள்? கமருன்னிசாவிடம் மட்டும் தனியாகச் சொன்னேன், நீயும் எங்கேயாவது போய்விடு கமரு என்று. தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்றாள். இதோ, போகாமல் வந்து, முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். “நீங்க தனியா மாட்டிக்குவீங்கன்னு மனசு கேக்கலைக்கா” என்றாள் வந்ததும். அப்போது, கெடுத்தாயே என்று கோபம் வந்தது. இப்போது அவளும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பேன் என்று பயமாக இருக்கிறது.

மணி பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன், பாதி போய்விட்டது. மொட்டைமாடியைப் பூட்டினால் என்ன, உலகம் இடிந்தா விழும்? துணி காயப்போட பால்கனி இருக்கிறது, வடகம் வற்றல் எல்லாம் இப்போது கடையில். தீர்மானத் தாளில் நாலாவதாகப் போட்டிருக்கிறார்கள், லிஃப்டுக்குப் பெயின்ட் அடிப்பதற்கும் பொங்கல் விழாவுக்கும் நடுவில், ‘பாதுகாப்பு கருதி மொட்டைமாடிக் கதவை நிரந்தரமாகப் பூட்டுவது’ என்று. யாருடைய பாதுகாப்பு என்று போடவில்லை. போடவும் முடியாது. சுடர்க்கொடி என்று அவள் அப்பா ஆசையாக வைத்த பெயர், பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று அழுவாள், அப்புறம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எல்லா மேடையிலும் பரிசு வாங்கினாள். அவர் அவள் கல்யாணத்தைப் பார்க்கவில்லை, அது முடிந்துபோனதையும் பார்க்கவில்லை, புண்ணியம் செய்தவர். ஓசூரில் வாழப்போனாள், அவனுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேறொருத்தி இருந்தாள், அவன் அம்மாவுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், என் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியாது. ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். வந்த வாரம் லிஃப்டில் இறங்கினாள், லிஃப்டில் நாலு பேர், “எப்ப வந்தே, மாப்பிள்ளை வரலையா, எத்தனை நாள் இருப்பே?” நல்லவர்கள்தான், அன்பாகத்தான் கேட்டார்கள். அன்றோடு சரி, அவள் தெருவில் இறங்கவில்லை. ஆறு மாசம் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், நானே எதிர்பார்க்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு மேலே ஏறிப் போனாள். மறுநாளும் போனாள். கீழே இறங்கினால் ஊர், மேலே ஏறினால் வானம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஏர்போர்ட் பக்கத்தில் இருப்பதால் எங்கள் தலைக்கு மேலேதான் ஃபிளைட் இறங்கும், இது சிங்கப்பூர், இது சென்னை என்று வந்து சொல்வாள். ஆறு மணிக்கு ஏறி ஏழு மணிக்கு இறங்குவாள். இறங்கி வரும்போது முகத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம் இருக்கும். ஒரு நாள் மாடிப்படியில் நின்று கேட்டேன், பழைய சிநேகிதி யாரோடோ செல்லில் பேசிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கதவைத்தான் பூட்டப்போகிறார்கள். என் பெண்ணுக்கு வெளியுலகம் என்று இருப்பது அந்த ஒரு தளம்தான், தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனாக்கள், நாலு பக்கமும் சுவர். சுவர்.

சுவரைப் பற்றி நினைக்க வேண்டாம். டீயைக் குடி, ஆறிப்போய் ஏடு படிந்திருக்கிறது. ராஜமாணிக்கம் சார் மனைவிதான் பார்த்தது, பங்குனி மாசம், பிள்ளையார் கோயிலிலிருந்து வரும்போது தெருவிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்திருக்கிறாள். மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் சுடர் உட்கார்ந்திருந்தாளாம், கால் இரண்டும் வெளிப்பக்கம் தொங்க. அந்த அம்மா கத்தவில்லை, கத்தினால் என்ன ஆகுமோ என்று தெருவிலேயே நின்றிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் இவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மறுநாள்தான் எனக்குச் சொன்னார்கள், லிஃப்ட் வாசலில் வைத்து, குரலைத் தாழ்த்தி, பார்த்துக்குங்கம்மா என்று. முதல்நாள் அவள் வழக்கம்போலத்தான் இறங்கி வந்தாள், வழக்கம்போலத்தான் சாப்பிட்டாள். காற்றுக்காக உட்கார்ந்திருப்பாள். பங்குனிப் புழுக்கத்தில் காற்றுக்கு உட்கார மாட்டார்களா? சின்ன வயதில் தாத்தா ஊர்க் கிணற்று மேட்டில் இப்படித்தான் உட்காருவாள், கால் தொங்கப் போட்டுக்கொண்டு. காற்றுக்காகத்தான். இதை நான் எத்தனை தரம் எனக்குச் சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை, சொல்லச் சொல்ல வார்த்தை தேய்ந்துபோய்விட்டது, ஆனால் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அப்படி ஒரு நினைப்பு இல்லாதவளுக்கும் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? நாய் தூங்கட்டும், எழுப்பாதே. அன்றிலிருந்து ஆறு மணிக்கு அவள் செருப்புச் சத்தம் மேலே போனதும் நான் சமையலறையில் நிற்பேன், கையில் ஏதாவது காய் இருக்கும், நறுக்க மாட்டேன். ஏழு மணிக்குச் செருப்பு இறங்கி வரும் சத்தம் கேட்டதும் நறுக்குவேன். இப்படியே பங்குனி போய் ஆடி வந்துவிட்டது. இது எனக்கும் சுவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

“அக்கா” என்றாள் கமருன்னிசா. நான் திடுக்கிட்டுப் போனேன், எதையாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டேனோ என்று. அவள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள். “நான் உங்களுக்காகத்தான் வந்தேன். நீங்க எப்படிக் கை தூக்குறீங்களோ அப்படியே தூக்குறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், தப்பா எடுக்காதீங்க. என் வீட்டுக் கூரைதானேக்கா மொட்டைமாடி. சுடர் நடக்கிறது எனக்கு நல்லாக் கேக்கும். அது நடக்கிற வரைக்கும் நான் என் வேலையைப் பார்ப்பேன். சத்தம் நின்னுச்சுன்னா நானும் நின்னுடுவேன். மறுபடி நடக்கிற வரைக்கும் எனக்கு மூச்சு வராது. மஃரிப் தொழுகைக்கு நிக்கிறப்பகூட காது மேலதான்க்கா இருக்கு, அல்லா மன்னிக்கணும்.” அவள் கையைப் பிடித்துக்கொண்டேனா, அவள் என் கையைப் பிடித்தாளா? சமையலறையில் நான் நிற்கிறேன், எனக்கு நேர் மேலே, ஒரு மாடி தள்ளி, இவளும் நின்றுகொண்டிருந்திருக்கிறாள், தினமும், அதே ஒரு மணி நேரம். எத்தனை தடவை படியில் பார்த்து என்ன குழம்பு என்று கேட்டிருக்கிறோம். இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? அப்போது சட்டென்று பாக்கியலட்சுமியின் அந்த ‘சரிக்கா’ திரும்பி வந்தது, பட்டீஸ்வரத்துக் கூட்டத்தில் இருந்து. வேன் என்று நான் வாயெடுத்ததும் எல்லோரும் எவ்வளவு சீக்கிரம் தலையாட்டினார்கள், ஒருத்தரும் ஒரு சாக்கும் சொல்லவில்லையே, ஒரு பிக்னிக்குக்கு ஆள் சேர்ப்பதற்குள் நாக்குத் தள்ளிப்போகும் இந்தக் கட்டடத்தில். அப்படி இருக்காது. அப்படியும் இருக்குமா?

“மணி அஞ்சாச்சு” என்றார் ராஜமாணிக்கம் சார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நாலு பேர், எதிரெதிரே, பேரம் பேசுகிற சம்பந்திகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஆண்டறிக்கை, ஏற்றுக்கொண்டோம். லிஃப்டுக்குப் பெயின்ட், என்ன கலர் என்று அப்புறம் பார்க்கலாம். நாலாவது என்று வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டார். “திலகவதிம்மா, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. நீங்க வேன் எதுக்கு வெச்சீங்கன்னு எனக்குத் தெரியும். வேன்ல போனவங்கள்ல முக்கால்வாசிப் பேர் எனக்கு போன் பண்ணிட்டாங்க. நாங்க இல்லாதப்பவே முடிச்சுடுங்க சார், திலகாக்கா முகத்தைப் பார்த்துக் கை தூக்க எங்களால ஆகாதுன்னு.” என் முகத்தைப் பார்த்து. அவர் முகத்தைப் பார்த்துக் கை தூக்க மாட்டார்கள் என்று நான் கணக்குப் போட்டேன், என் முகத்தைப் பார்த்துக் கை தூக்க முடியாமல் அவர்கள் என் வேனிலேயே ஏறிப் போயிருக்கிறார்கள். எலுமிச்சம்பழச் சாதம் நன்றாக இருந்தது என்றுகூட வந்து சொல்வார்கள். கோபம் வரவேண்டும், வரவில்லை, மண்டைக்குள் யாரோ வெள்ளையடித்துவிட்ட மாதிரி ஒன்றும் இல்லாமல் இருந்தது. அவர் தொடர்ந்தார். “எனக்கும் இது பிடிச்சுச் செய்யல. அந்தப் பொண்ணை நான் தூக்கி வளத்திருக்கேன். என் வீட்டுக்காரி அன்னைக்கு வந்து சொன்னதுலேருந்து நான் ஆறு மணி ஆனா வாசல்ல போய் நின்னு மேல பார்க்கிறேன். இப்ப ஒண்ணு செய்யலாம். நீங்க அம்மா. உங்களுக்குத் தெரியாதது எங்களுக்குத் தெரியாது. ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எழுதக்கூட வேணாம், வாயால சொன்னாப் போதும். இந்தத் தீர்மானத்தை இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்.”

ஒரு வார்த்தை. இதைவிடச் சுலபமாக யாராவது தோற்றுத் தருவார்களா? இத்தனை மாசமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட வார்த்தைதானே, ஒண்ணும் ஆகாது, காற்றுக்காகத்தான் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தேன். லூர்துசாமி என்னைப் பார்க்கிறார், கமருன்னிசா தரையைப் பார்க்கிறாள், சொல்லு திலகம், சொல், இரண்டு சொல்தான். ஒண்ணும் என்று நாக்கில் வருகிறது, ஆகாது வரவில்லை. தொண்டையில் இருக்கிறது, இருமினால் வந்துவிடும், இருமினேன், வரவில்லை. அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அவளை எனக்குத் தெரியும் என்று சொல்ல என்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், எட்டு வயதுச் சுடர் இருக்கிறாள், பரிசு வாங்கிய சுடர் இருக்கிறாள், அவளுக்கு எந்தக் காய் பிடிக்காது என்று தெரியும், எந்தத் தலையணை இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று தெரியும், அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்த பெண்ணை மட்டும் எனக்குத் தெரியாது. அவளிடம் நான் பேசியதே இல்லை. எனக்குத் தெரியவில்லை, சார். அதையும் சொல்லவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தேன், அது சரிந்து விழுந்தது, லூர்துசாமி குனிந்து எடுத்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. ராஜமாணிக்கம் சார், “சரிம்மா” என்றார், மிக மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல. “எதிர்ப்பு யாராவது இருக்கீங்களா” என்று ஒரு சடங்குக்குக் கேட்டார். கமருன்னிசா என் கையைப் பார்த்தாள். என் கை மடியில் கிடந்தது. அவள் கையும் எழவில்லை. இணைச் செயலாளர் நான்தானே, கூட்டக் குறிப்பு நான்தான் எழுத வேண்டும், எழுதினேன், தீர்மானம் எண் நான்கு ஏகமனதாக நிறைவேறியது என்று. எழுதிவிட்டுப் படித்தும் பார்த்தேன். எழுந்துகொள்ளும்போது ராஜமாணிக்கம் சார் பையிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்தார், அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை. இப்போது பிரித்து, சாவி இரண்டையும் கழற்றி என் கையில் வைத்தார். “பூட்டு நாளைக்கு மாட்டறோம். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். வேற யாருக்கும் வேணாம். நீங்க கூடப் போய் உட்காருங்க, எத்தனை நேரம் வேணாலும்.” இதை மட்டும் விதிப் புத்தகம் எதிலும் நான் அடித்ததில்லை.

லிஃப்டில் ஏறவில்லை, படியில் ஏறினேன். கதவு திறந்திருந்தது. சுடர் கூடத்தில் நின்று தலையை வாரிக்கொண்டிருந்தாள், செருப்பு வாசலில் தயாராக இருந்தது. “ஆளே வரலையாமே. கூட்டம் நடந்துச்சா?” என்றாள். “நடந்துச்சு.” “பூட்டுறாங்களா?” நான் உள்ளங்கையைத் திறந்து சாவியைக் காட்டினேன். சீப்பு பாதியில் நின்றது. “நீ வேணாம்னு சொல்லலையா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன், அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சொல்ல முடியவில்லை என்று சொல்ல வந்தவள், எப்படி அது மாறியது என்று தெரியவில்லை, என் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது. “பங்குனி மாசம் அந்தச் சுவத்து மேல எதுக்கு உட்கார்ந்தே?”

அவள் திடுக்கிடவில்லை. சீப்பில் சிக்கிய முடியை எடுத்து விரலில் சுற்றினாள். “அதுக்குத்தான்மா” என்றாள். கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். அவளும் வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள். “உட்கார்ந்ததும் பயமாப் போச்சு. ரொம்பப் பயம். இறங்கிட்டேன். உன்கிட்ட சொல்லணும்னு ஓடி வந்தேன், சமையலறை வாசல்ல நின்னேன். நீ திரும்பிப் பார்த்து, தோசை ஊத்தட்டுமான்னு கேட்டே.”

மேலே ஒரு ஃபிளைட் இறங்கியது, எந்த ஊருடையது என்று அவள் சொல்லவில்லை. நான் சாவியைத் தரையில் வைத்துவிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன், சில்லென்றிருந்தது என் கையா அவள் கையா என்று தெரியவில்லை.

“இப்பச் சொல்லு” என்றேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.